இரண்டாவது அடி

காலை எட்டு மணிக்கே சந்தை மைதானம் முழுக்கக் கூடாரங்கள் முளைத்துவிட்டன. கோப்பைக்காரிக்கு வாசலிலிருந்து மூன்றாவது இடம். நான்கு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே இடம்தான். பீங்கான் கோப்பைகளையும் கூஜாக்களையும் அவளே வனைந்து, சுட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவாள். பெட்டிகளை இறக்குவது தம்பி.

தம்பிக்கு இருபத்தொன்பது வயது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். அப்படிப் பேசிய ஒரு நாளுக்காக எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தான். வெளியே வந்த அன்று, இனி யார்மேலும் கை வைக்க மாட்டேன் என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். சந்தையில் யாராவது முறைத்தால்கூட இரண்டு கைகளையும் பாக்கெட்டில் திணித்துக்கொள்வான்.

பக்கத்து இடம் பெல்ட்காரருடையது. ஆள் ஆஜானுபாகு. தொடர்ந்து மூன்று வாரம் மழையில் வியாபாரம் படுத்துப்போனதில் சிடுசிடுவென்று இருந்தார். அன்று அவர் பெல்ட்டுகளைத் தொங்கவிடும் இரும்பு ஸ்டாண்டு அவள் பக்கம் ஒரு முழம் உள்ளே வந்து நின்றது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்க. என் மேஜையில இடிக்குது."

"ஏன், மைதானத்தை உன் பேருக்கு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"சண்டைக்கு வரலைண்ணே. ஒரு முழம்தான் கேக்கறேன்."

அவர் ஸ்டாண்டைத் தள்ளவில்லை. மேஜையைத் தள்ளினார். விளிம்பில் இருந்த பெட்டி சரிந்தது. ஒரு மாத வேலை, பன்னிரண்டு கோப்பைகள், ஒரே சத்தத்தில் தரையில் சிதறின.

தம்பி அவருக்கும் அக்காவுக்கும் நடுவே வந்து நின்றான். கைகள் பாக்கெட்டுக்குள். "போதும், விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னான்.

"ஜெயில்ல கம்பி எண்ணிட்டு வந்த நாயி, நீ எனக்குப் புத்தி சொல்றியா?"

தொங்கிய பெல்ட் ஒன்றை உருவி விளாசினார். கொக்கி புருவத்தைக் கிழித்தது. தம்பி அசையவில்லை. இரண்டாவது விளாசலில் காது பிளந்தது. மூன்றாவதில் உதடு. வறுவல் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி சனம் வட்டம் கட்டி நின்றது. பாக்கெட்டுக்குள் அவன் விரல்கள் புடைப்பதைக் கோப்பைக்காரி பார்த்தாள். தன் சத்தியம்தான் அவனைக் கட்டிப்போட்டு அடி வாங்க வைக்கிறது என்று நினைத்ததும் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பெரிய கூஜாவின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பெல்ட்காரரின் கன்னத்தில் இறக்கினாள். எலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது. கூஜா உடைந்து, கைப்பிடியோடு உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று மட்டும் அவள் கையில் மிஞ்சியது. அவர் மண்டியிட்டு விழுந்தார். வாயிலிருந்து பல்லும் ரத்தமும் வழிய ஒரு கையைத் தூக்கினார்.

"வேணாம்மா..."

அவள் மறுபடி அடித்தாள். சில்லு புருவத்தில் இறங்கி, கண் வழியாகக் கன்னம்வரை கீறிக்கொண்டு போனது. அவர் போட்ட அலறலில் வட்டம் கலைந்து ஓடியது. அப்போதுதான் தம்பியின் கைகள் வெளியே வந்தன. அக்காவைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

போலீஸ் வந்ததும் அவனே முன்னால் போனான். "நான்தான் சார் அடிச்சேன்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த பெல்ட்காரரிடம் கேட்டார்கள். ஒரு பெண்ணிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "அவன்தான்" என்றார்.

ஒரு நொடி கோப்பைக்காரிக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. தம்பியின் மணிக்கட்டில் விலங்கு பூட்டும் சத்தம் கேட்ட பிறகே அவள் வாய் திறந்தாள்.

"அவன் இல்ல. நான்."

"தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்றியாம்மா?"

அவள் கையை விரித்தாள். கூஜாவின் கைப்பிடி இன்னும் உள்ளேயே இருந்தது. சில்லு அவள் உள்ளங்கையையும் அறுத்திருந்தது. எதிர்க்கடை வறுவல்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள், "அந்தப் பொண்ணுதான் சார். இந்தத் தம்பி அடி வாங்கினதோட சரி, அடிக்கறதுக்குன்னு கையை வெளியவே எடுக்கல."

பெல்ட்காரருக்கு இடது கண் போய்விட்டது. அவர் முதலில் அடித்ததைக் கணக்கில் எடுத்து, அவளுக்கு ஒன்றரை வருடத் தண்டனையோடு விட்டார்கள்.

முதல் சந்திப்புக்குத் தம்பி வந்து, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். புருவத்துத் தையல் ஆறியிருந்தது.

"ஏங்க்கா சொன்ன? எனக்கு உள்ள பழகின இடம்."

"நீயும் வக்கீல் மாதிரி ஏன் சொன்னேன்னு கேக்காத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தாளு வேணாம்மான்னு சொன்னாருடா. எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு."

"முதல் அடி உனக்காக. ரெண்டாவது உனக்காக இல்ல." "எனக்குப் பிடிச்சிருந்துது."

தம்பி அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. வலைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தெரியும்க்கா," என்றான். "நான் உள்ள போனேனே, அந்த நாள்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு." வேறு யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை.

நேரம் முடிந்தது என்று காவலாளி குரல் கொடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

"இனிமேதான்" என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.