மேசைக்கடியில் ஒரு பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், அவர் பக்கம் ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தாங்களே ஓட்டியதாக வீட்டில் போய்ப் பீற்றிக்கொள்வார்கள். பாதி தூரம் ஓட்டியது இவருடைய வலது கால் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த வேலையிலேயே ஊறிப்போய், அந்தக் கால் இவர் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. பஸ்ஸில் போகும்போதும் அழுத்தும், சினிமாவில் கார் வேகமாக வந்தாலும் அழுத்தும். என் தம்பி அவருக்கு ‘பிரேக் மச்சான்’ என்று பேர் வைத்தான். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

குட்டி எங்களுக்கு ஒரே பெண். போன வருடம் நுழைவுத் தேர்வில் தவறிவிட்டாள். கூடப் படித்ததுகள் எல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போக, இவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாப்பிட வா என்றால் வருவாள், போ என்றால் போவாள். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற பெண், அந்த வாயையே காணோம். நான் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். ஊரார் வாயைத் திறக்க வைப்பதுதான் என் பிழைப்பு. பெற்ற பெண்ணின் வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. இந்த வருடமும் தவறினால் இவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று பயந்தேன்.

அவரே அவளைத் தயார் செய்வதாகச் சொன்னார். பொறுமைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. காரைச் சாக்கடையில் இறக்கினாலும் குரலை உயர்த்த மாட்டார். தினமும் சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு, விடைப் புத்தகத்தோடு சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்காருவார். வாயே திறக்க மாட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு விடை இருக்கும், அவள் சரியானதைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போவாள். மேசைக்கடியில் ஒரு தரைக்கல் பெயர்ந்து, மிதித்தால் டக்கென்று ஆடும். பூசவேண்டும் பூசவேண்டும் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்த கல்.

மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. மருத்துவத்துக்கு ஒரு தேர்வு, கட்டட வடிவமைப்புக்கு ஒரு தேர்வு, இரண்டும் ஒரே நாளில். எதை எழுதுவது என்று அந்த மேசையில் வைத்துத்தான் கேட்டோம். குட்டி கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு மருத்துவம் என்றாள். பழைய செய்தித்தாள் கிடைத்தால் ஓரமெல்லாம் படிக்கட்டும் ஜன்னலுமாக வரைகிறவள் இப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். அவளே வாயைத் திறந்து சொல்லிவிட்டாள் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விரும்பினால் தேர்வை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் இன்று. இன்றைக்குத்தான் ஒரு பயிற்சி மையத்தில், அவள் முதல்முறையாக வெளியே எழுதுகிற மாதிரித் தேர்வும். அழைத்துவரப் போனபோது மேற்பார்வையாளர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் குட்டியின் காலணிகள் இருந்தன. வெறுங்காலோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒவ்வொரு விடை மேலயும் பென்சிலை வச்சுட்டு அப்படியே நிக்கிறா. குனிஞ்சு குனிஞ்சு தரையைப் பாக்குறா. ஏதோ எழுதி ஒளிச்சு வச்சிருக்கான்னு சோதனை போட்டோம். ஒண்ணுமில்ல. ஆனா தாள் முக்காவாசி காலி.”

வழியெல்லாம் கேட்டேன். தெரியவில்லை என்பதைத் தவிர அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பொய்யில்லை, அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இருவரையும் மேசையில் உட்காரவைத்து, பழையபடி நடத்துங்கள் என்றேன். முதல் கேள்வி. பென்சில் முதல் விடைமேல் நின்றது. டக். அடுத்ததற்கு நகர்ந்தது. டக். மூன்றாவதற்குப் போனது. சத்தமில்லை. வட்டம் போட்டாள்.

பென்சில் தப்பான விடைமேல் நிற்கும்போதெல்லாம் அவர் கால் பிரேக் அழுத்துகிறது. இத்தனை நாளும் மதிப்பெண் வாங்கியது பெண்ணில்லை, அந்தக் கால்.

“உங்க காலைப் பாருங்க” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமாகத் தெரியாது என்றார். அவருக்கும் தெரியாதென்று எனக்குத் தெரியும். அதனால் கோபம் இன்னும் அதிகமாகத்தான் வந்தது. யாரைத் திட்டுவது? வேண்டுமென்று செய்தவனை நாலு வார்த்தை கேட்கலாம். காலைக் கூப்பிட்டு என்ன கேட்பது?

அப்போதுதான் அந்த மருத்துவமும் நினைவுக்கு வந்தது. அதையும் இதே மேசையில்தானே கேட்டோம்.

அவருக்கும் அது உறைத்திருக்கவேண்டும். இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிச் சம்மணம் போட்டு, வலது பாதத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தலையை வருடினேன். “கண்ணு, இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் மாத்தலாம். மார்க்கு எப்படியோ போகட்டும், பாத்துக்கலாம். நீ எதைப் படிக்க ஆசைப்படுற? அதை மட்டும் சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். ‘மரு’ என்று தொடங்கி நிறுத்தினாள். ‘கட்ட’ என்று தொடங்கி நிறுத்தினாள். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. சட்டென்று குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். அங்கே கால் இல்லை.

“அப்பா, காலைக் கீழ வைங்கப்பா” என்றாள்.

அவர் அசையவில்லை. பாதத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

குட்டி நாற்காலியிலிருந்து இறங்கித் தவழ்ந்து மேசைக்கடியில் போனாள். மருத்துவம் என்று மெல்லச் சொல்லி, கையால் அந்தக் கல்லை அழுத்தினாள். டக் என்றது. கட்டடம் என்று சொல்லி அழுத்தினாள். அதற்கும் டக் என்றது.