மோகினிக்கு விழுந்த கருத்துகள்

நாச்சியாபுரத்தில் பெத்தாச்சி செட்டியார் வீட்டு முற்றத்தில் போன தை மாதத்திலிருந்து சினிமாக் கருத்துகள் விழுந்துகொண்டிருக்கின்றன. யூடியூபில் ‘மொட்டைமாடி மோகினி’ என்ற பழைய பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு யார் எந்த ஊரில் உட்கார்ந்து எதை எழுதினாலும், எழுதியவருடைய குரலிலேயே அது மேலேயிருந்து வந்து விழும். அடுத்த வீட்டில் ஒரு சொல் விழாது. கோலாலம்பூர்க்காரர் ஒருவர், மோகினி பறக்கும்போது கயிறு தெரிகிறது என்றார். கோயம்புத்தூர்ப் பெண்ணொருத்தி, முகத்து மாவு வசனத்துக்கு வசனம் உதிர்கிறது, ஆனாலும் மோகினி இடுப்பை வெட்டி நடக்கிற நடைக்கே நாலு தடவை பார்க்கலாம் என்றாள். வற்றல் காய்கிற நேரமென்றால் மருமகள் உமையாள் முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பாள்.

படத்தை 1983இல் அந்த வீட்டில்தான் எடுத்தார்கள். மோகினியாக நடிக்க வந்த பெண் மொட்டைமாடி உயரத்தைப் பார்த்துப் பயந்து பஸ் ஏறிவிட, டைரக்டர் கையைப் பிடித்துக் கெஞ்ச, வீட்டுக்காரரான பெத்தாச்சியே வெள்ளைச் சேலை கட்டி, அரிசி மாவு பூசி, ஆறு நாள் பறந்தார். காரைக்குடியில் படம் ஒன்பது நாள் ஓடியது. ஊர்ச் சிரிப்பு ஓய வருடங்கள் ஆயின. பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கிற நாளில் அவர் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். மகன் குமரப்பனுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் மோகினி மகன் என்றே பெயர். அப்பாவும் மகனும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த ஆவணியில் குமரப்பன் மகள் கிருத்திகாவின் கல்யாணத்தைப் பேசி முடிக்க நாட்டரசன்கோட்டையிலிருந்து காசி செட்டியார் குடும்பத்தோடு வந்தார். காப்பி கொடுத்த வேளையில், மோகினி யாரென்று யாராவது சொல்லுங்களேன் என்று துபாயிலிருந்து ஒரு குரல் விழுந்தது.

“இந்த வீட்டு ஆளுன்னுல்ல கேள்விப்பட்டேன்?” என்றார் காசி செட்டியார்.

அவன் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, “அதெல்லாம் மெட்ராஸ்காரனுக. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றான் குமரப்பன்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். வெளியாள் ஒருவன் சொன்னால் சம்பந்தி நம்புவார் என்று அவனுக்குத் தோன்றியது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ‘சினிமா ரசிகன்’ என்ற பெயரில் போனில் எழுதினான். பெயரை மாற்றியவன் குரலை மறந்துபோனான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு எட்டு நிமிடம் நிற்கவில்லை.

“மோகினியா நடிச்சவன் மெட்ராஸ் கூத்தாடி. மானங்கெட்ட பய” என்று குமரப்பனின் குரல், அவனுடைய செருமலோடு, நடு முற்றத்தில் விழுந்தது.

அவன் வெளியே வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெத்தாச்சி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமரப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுதியதை அழித்தான், விழுந்தது விழுந்ததுதான். அங்கேயே நின்று, சொந்தப் பெயரில், மோகினி என் அப்பச்சி என்று எழுதிவிட்டுக் காத்திருந்தான். அது விழவில்லை. அந்த முற்றம் வெளியாள் கருத்தை மட்டும்தான் இறக்கும் என்று அன்றைக்குத்தான் வீட்டாருக்குத் தெரிந்தது. முதலில் எழுதியபோது அவன் வெளியாளாகத்தான் எழுதியிருந்தான்.

ஆகவே வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. “மோகினியா நடிச்சது எங்க அப்பச்சிதான். வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க, அப்பச்சி.”

பெத்தாச்சி மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. “மானங்கெட்ட பயன்னு நாப்பது வருசமா என்னைய நானே வஞ்சுக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன். உன் குரல்ல கேக்கத்தான் தாங்கல” என்றார்.

குமரப்பன் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “ஆறு நாளுமா பறந்தீக?” என்று கேட்டார் காசி செட்டியார். பெத்தாச்சி தலையாட்டினார். அப்போது எந்த ஊரென்று தெரியாத ஒரு கிழவர் ஹஹ்ஹா என்று எழுதிய சிரிப்பு மேலேயிருந்து நிற்காமல் விழ ஆரம்பித்தது. காசி செட்டியார் காப்பி டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.