வெளியூர் வேலை

ரகசிய விசாரணை என்றுதான் சொன்னார்கள். ஆனால் மெக்கானிக்கின் மாமியாருக்குக் காது மந்தம். அவர் வீட்டுக்கு வந்த அதிகாரி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்து, கடைசியில் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார். வெளியே படிக்கட்டில் நிறுத்தப்பட்டிருந்த மெக்கானிக்குக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது. அவருக்கு மட்டுமா? எதிர்வீட்டுக் கதவும் மேல்மாடிக் கதவும் மெல்லத் திறந்துகொண்டன.

விமானத்தளத்தின் ரேடார் கூடத்துக்குள் வேலை செய்யப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் படித்துத் தேறியதெல்லாம் வீண். பழையபடி தளத்து வாசலில் விளக்கு மாற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். தான் மொடாக்குடியனாக இருந்ததையும், குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அதன்பின் தொடாததையும் அவர் ஒன்றுவிடாமல் முன்பே சொல்லியிருந்தார். சொந்தபந்தமும் அதையே சொல்கிறதா என்று பார்க்கத்தான் அதிகாரி வந்திருந்தார்.

"உங்க மாப்பிள்ளை குடிப்பாராம்மா?"

"எங்க மாப்பிள்ளையா? டீயே அரை டம்ளர்தான் குடிப்பாரு."

"நடுவுல கொஞ்ச மாசம் வீட்ல இல்லையே, எங்க இருந்தாரு?"

"வெளியூர் வேலைக்குப் போயிருந்தாரு."

அந்த வெளியூர்ப் பேச்சை ஆரம்பித்ததே அத்தைதான். மகளை யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாதென்று அக்கம்பக்கத்தில் அப்படிச் சொல்லி வைத்தார். சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது. "உங்க வெளியூர்ல குளிருதா, இன்னொரு போர்வை வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு வாராவாரம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் அவர்தான். கூடப்பிறந்த அண்ணன்கூட எட்டிப் பார்க்காத இடம் அது. அந்த அன்பே இப்போது பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

மெக்கானிக் உள்ளே நுழைந்தார். "அத்தை, உண்மையைச் சொல்லிடுங்க."

"எண்ணெயா? அடுப்படியில இருக்கு, எடுத்துக்குங்க."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். மெக்கானிக்குக்கு வேறு வழியில்லை. கட்டடமே கேட்கக் கத்தினார்: "நான் குடிச்சேன் அத்தை. வெளியூர்ங்கிறது ஆஸ்பத்திரிதான்னு சார்கிட்ட சொல்லிட்டேன். நீங்களும் சொல்லுங்க."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களே சொல்லிட்டீங்களா? அப்ப நான் எதுக்கு இத்தனை வருஷமா வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்?" என்றவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஆமா சார், குடிச்சாரு. அப்பல்லாம் இவரு வந்தா பீரோ சாவியை இடுப்புல சொருகிக்குவேன். இப்ப வீட்டுச் சாவியே இவர்கிட்டதான் இருக்கு. எம் மகன்கிட்டகூட நான் குடுக்கல."

அதிகாரி எழுந்தார். "குடிச்சாரு, விட்டுட்டாரு. மறைச்சிருந்தாத்தான் வம்பு. அதை வச்சே யாராவது மிரட்டி ரகசியத்தைக் கறந்துடுவாங்க." வாசலைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் சொன்னார்: "இனி உங்களை மிரட்ட யாருக்கும் ஒண்ணும் மிச்சமில்ல." கதவுகள் அவசரமாகச் சாத்திக்கொண்டன.

அனுமதி கிடைத்த அன்று மெக்கானிக் நேராக அத்தை வீட்டுக்குத்தான் வந்தார். இத்தனை வருடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் பாதிக் குரலில்தான் சொன்னார்.

"நீங்க இல்லன்னா நான் இல்ல அத்தை."

"என்ன சொல்றீங்க?"

மேல்மாடிக் கதவு திறக்கும் அளவுக்கு, மெக்கானிக் அதை இன்னொரு முறை சொன்னார்.