தெற்குத் தீவில் பதினோரு நாள்

சத்யநாராயணன் நியூசிலாந்துக்குப் போனதில்லை. ஆனால் அந்த நாட்டின் தெற்குத் தீவில், கிரைஸ்ட்சர்ச் ஊரிலிருந்து காரில் கிளம்பினால் எந்த ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டலாம், எந்த மலை வளைவில் கண்ணை இமைக்கக்கூடாது, எங்கே பெட்ரோல் போடாமல் விட்டால் நடுக்காட்டில் நிற்க வேண்டியிருக்கும் என்று கேட்டால் சகஸ்ரநாமம் மாதிரி தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போவார். உத்திரமேரூருக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துப் பெருமாள் கோயில் அர்ச்சகருக்கு இது என்ன வேண்டாத வேலை என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. கேட்டவர்களையும் உட்காரவைத்து ஒரு ஏரியாவது சுற்றிக் காட்டித்தான் அனுப்புவார்.

ஆரம்பித்தது நாலு வருஷத்துக்கு முன்னால், மகள் சுந்தரவல்லி நியூசிலாந்தைப் பற்றிச் செய்த பள்ளிக்கூடப் பிராஜக்டில். அவளுக்கு மதிப்பெண் வந்ததோடு வேலை முடிந்தது. அவருக்கு முடியவில்லை. காலை பூஜை முடிந்து பதினோரு மணிக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணிவரை அவர் தன் இஷ்டத்துக்கு இருக்கிற மனிதர். சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, கைப்பேசியில் அந்த ரோடுகளை விரலால் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதவியும் சுந்தரவல்லியும் சேர்ந்துகொள்வார்கள். மாதவி உத்திரமேரூரில் கணக்கு டீச்சர். குக்கரைக் கையோடு எடுத்துப் போகலாமா, புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அவள் இலாகா. முன்சீட்டு யாருக்கு என்பதில் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நாலு வருஷமாகத் தீராத சண்டை. டிரைவர் சீட்டு யாருக்கு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அதற்காகவே அவர் நாற்பத்தைந்து வயதில் குடுமியும் வேஷ்டியுமாக டிரைவிங் கற்றுக்கொண்டார். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்று தெரிந்த அன்று, பெருமாளே தனக்காக ஏற்பாடு செய்துவைத்தது மாதிரி பூரித்துப்போனார். பழைய கார் ஒன்றை வாங்கி, திருப்புலிவனம் ரோட்டில் லாரிக்கும் மாட்டுக்கும் நடுவே பழகினார். எதிரில் டிராக்டர் வந்தால், "இதுதான் ஹாஸ்ட் கணவாய்னு வெச்சுக்கோ" என்று பெண்ணிடம் சொல்லிக்கொண்டு ஒதுங்குவார். மலையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இறங்கும் அந்தக் கணவாய்தான் அவர் போட்டுவைத்திருந்த பதினோரு நாள் திட்டத்தில் ஏழாம் நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்றப் பத்து நாளும்.

இடையில் ஒரு கடல் இருந்தது. தூரம் கஷ்டமில்லை, அதற்கு விமானம் இருக்கிறது. கஷ்டம் வேறு. அவர்கள் வம்சத்தில், கடல் தாண்டியவன் மூலவரைத் தொடக்கூடாது. போய்விட்டு வரலாம், மடப்பள்ளியில் தளிகை பண்ணலாம், வாசலில் நின்று வேதம் சொல்லலாம், ஆனால் கர்ப்பக்கிரகத்துக்குள் கால்வைத்துப் பெருமாளுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற முடியாது. ஆயுசுக்கும் முடியாது. பெரியப்பா பிள்ளை அமெரிக்காவில் ஒரு கோயிலுக்கு அர்ச்சகராகப் போனான். ஊருக்கு வரும்போதெல்லாம் மற்ற எல்லாரையும் போல வெளியே நின்றுதான் சேவித்துவிட்டுப் போகிறான்.

பதினெட்டு வயதில் அப்பா தவறிப்போனதிலிருந்து சத்யநாராயணன் அந்தச் செம்பைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். இருபத்தொன்பது வருஷம். ஒரு கல்யாணத்துக்குப் போனால் முகூர்த்தம் பார்த்த கையோடு பஸ் பிடிக்க வேண்டும். மாதவியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நடை திறக்க ஓடிவந்தார். அதனால்தான் அவர் ரொம்ப யோசித்து, மூன்று வருஷம் யோசித்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கைங்கர்யத்தைத் தம்பி வீரராகவனிடம் ஒப்படைத்துவிடுவது. வீரராகவனும் முறைப்படி தீட்சை வாங்கியவன். உத்திரமேரூரில் ஒரு உரக் கம்பெனியில் விற்பனை வேலை. அண்ணாவுக்குக் காய்ச்சல் என்றாலும் உற்சவம் என்றாலும் வந்து நிற்பவன். அவனை விட்டால் தொடுவதற்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"நீ கவலையே படாதே அண்ணா. வேலையை விட்டுட்டு வந்துடறேன். எனக்கும் வெயில்ல அலைஞ்சு அலுத்துப்போச்சு. நீ மன்னியையும் குழந்தையையும் அழைச்சுண்டு நிம்மதியா போயிட்டு வா" என்று தை மாதத்தில் அவன் சொன்னான். அன்றைக்குச் சத்யநாராயணன் பெருமாள் முன்னால் நின்று கண்ணீர் விட்டார். விட்டுப் போகிறோமே என்ற துக்கம் பாதி, போகப்போகிறோம் என்ற சந்தோஷம் பாதி. எது எவ்வளவு என்று பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

சித்திரையில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடக் குடும்பத்தோடு உத்திரமேரூர் பஜாருக்குப் போனார். அங்கே ஜமீர் ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருந்தான். பட்டாவிலிருந்து பாஸ்போர்ட்வரை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவன்தான் தட்டிக்கொடுப்பான்.

"இன்னா சாமி, கடைசில கிளம்பிட்டீங்க. ஆதார், டென்த் மார்க்‌ஷீட்டு எல்லாம் கீதா?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தான். "உங்க வூட்ல தம்பி ஒருத்தருக்குத்தான் பாஸ்போர்ட்டு இருந்திச்சி. இப்போ எல்லாருக்கும் ஆயிடும்."

"எந்தத் தம்பிக்கு?"

"வீரராகவன் சார்தான். போன வருசம் அந்த உரக் கம்பெனில டீலருங்களை எல்லாம் இலங்கைக்கு டூர் இட்டுக்கினு போனாங்களே. நான்தான் விசா போட்டுக் குடுத்தேன். மூணு நாளு. உங்களுக்குத் தெரியாதா சாமி?"

ஜமீருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சத்யநாராயணன் நாற்காலியிலிருந்து எழுந்து, மேஜைமேல் பரப்பியிருந்த காகிதங்களை வாரிக்கொண்டு, வந்த வழியே நடந்தார். மாதவியும் சுந்தரவல்லியும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். கார் வாசலில் நிற்பதே அவருக்கு நினைவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம்பி வீட்டுக்கு அந்த வெயிலில் நடந்தே போனார்.

வீரராகவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தேவலை.

"இலங்கைதானே அண்ணா. அது ஒரு வெளிநாடா? ராமரே போயிருக்கார்."

"அவர் பாலம் போட்டுண்டு போனார்டா."

"நான் பிளேன்ல போனேன். கடல்ல என் கால்கூட நனையலை. யோசிச்சுப் பாத்தா தாண்டினதாவே ஆகாது."

"போயிட்டு வந்து உற்சவத்துல பெருமாளைத் தொட்டியா இல்லையா?"

"தொட்டேன். ஒண்ணும் ஆகலையே. மழைகூட நன்னாத்தான் பெஞ்சுது."

சத்யநாராயணனுக்கு இருபத்தொன்பது வருஷம் பஸ் பிடித்து ஓடிவந்த எரிச்சல் அத்தனையும் அந்த ஹாலில் நின்றுகொண்டிருந்தபோது தலைக்கேறியது. இவன் மூன்று நாள் கண்டியில் யானை பார்த்திருக்கிறான், வந்து குளித்துவிட்டு உள்ளே போயிருக்கிறான், எதுவும் ஆகவில்லை என்கிறான். பிறகு எதற்காக நான் மாமனாரைக் கடைசியாகப் பார்க்காமல் வந்தேன் என்று கேட்கத் தோன்றியது.

"இனிமே நீ உள்ளே வராதே" என்று மட்டும் சொன்னார். "வெளில யார்கிட்டயும் நான் சொல்லலை. ஆனா நீ தொடப்படாது."

"சரி அண்ணா" என்றான் வீரராகவன். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குப் பின்னால், லீவு விட்ட பையனைப் போல ஒரு நிம்மதியும் இருந்ததை அண்ணா பார்த்துவிட்டார்.

அவ்வளவுதான் கணக்கு. தொடுவதற்கு இனி அவர் ஒருவர். அவரும் போய்விட்டால் வெளியூரிலிருந்து யாரையாவது கொண்டுவந்து வைப்பார்கள். ஏழு தலைமுறையாகத் தொட்ட கை அதோடு விட்டுப்போகும். நியூசிலாந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

பத்து நாள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரராகவன் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் சுந்தரவல்லிதான் ஆரம்பித்தாள். பிளஸ் டூ முடித்து லீவில் இருந்தாள். மனசில் கள்ளம் கிடையாது, வாயில் கதவும் கிடையாது.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீதான் வர முடியாது. சித்தப்பாவுக்கு இப்போ ஒரு தடையும் இல்லையே. பாஸ்போர்ட்டும் இருக்கு, காரும் ஓட்டுவார். சித்தப்பா எங்களோட வரலாமே."

மாதவி தட்டுகளை அடுக்கினாள், மறுபடியும் கலைத்து அடுக்கினாள். வீரராகவன் "ஐயையோ, நான் எதுக்கு" என்றான். ஆனால் அந்த ஐயையோவில் பாதி வண்டியில் ஏறிவிட்ட தொனி இருந்தது.

சத்யநாராயணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்புச் செய்தவனுக்குத் தெற்குத் தீவு, செய்யாதவனுக்கு இந்தத் தெரு என்றால் எங்கே போய் முறையிடுவது? ஆனாலும் பெரிய மனிதராக இருந்து பழகிவிட்டாரே. "பேஷா போயிட்டு வாங்கோ. எனக்காக நீங்க ஏன் நிக்கணும்?" என்றார். நீங்கள் இல்லாமல் எப்படி என்று ஒரு வார்த்தை வரும், அதைக் கேட்டுக்கொண்டு வேண்டாம் என்று பெருந்தன்மையாக முடித்துவிடலாம் என்றுதான் சொன்னார்.

"நிஜமாவாப்பா?" என்றாள் சுந்தரவல்லி.

அவர் மாதவியைப் பார்த்தார். மாதவி சொன்னாள்: "லீவு முடிஞ்சா இவ காலேஜ், ஹாஸ்டல்னு போயிடுவா. அப்புறம் சேந்து எங்கயும் போக முடியாது. நீங்க சம்மதிச்சா நாங்க போயிட்டு வரோம்." அவள் குரல் கெஞ்சவும் இல்லை, குத்தவும் இல்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் மாதவி தனக்கென்று கேட்ட முதல் காரியம் அது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் சேர்ந்து எரிந்தது, ஏனென்றால் இனிமேல் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது.

"ஏழாம் நாள் ஹாஸ்ட் கணவாய்" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். "இறங்கினப்புறம் ஒத்தை வழிப் பாலமா வரும். போர்டுல நம்ம பக்கத்து அம்பு சிவப்பா இருந்தா நீ நிக்கணும். எதிர்ல வர்றவன்தான் முதல்ல போவான். அவசரப்படாதே, மன்னி பயந்துப்பா."

"அந்தப் பக்கம் ஒரே மழையாமே அண்ணா. கணவாயை விட்டுட்டு நேரா குயின்ஸ்டவுன் ஊருக்குப் போனா அங்க நம்ம சாப்பாடு கிடைக்கும்னு ஜமீர் சொன்னான்" என்றான் வீரராகவன்.

சத்யநாராயணன் நாலு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

பாஸ்போர்ட்டும் விசாவும் வந்து அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் காலை திருமஞ்சனம். பெருமாளுக்குப் பாலும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மந்திரம் மறந்துவிடவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை. இந்த இருபத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. கையில் செம்போடு, நனைந்து நின்ற பெருமாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

துளசி கொண்டுவரும் செங்கேணி வெளியே காத்திருந்தாள். சத்தம் நின்றுபோனதும் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாமி, வூட்ல எல்லாரும் வெளிநாடு பூட்டாங்களாமே. நீ போவலியா?"

"போகலை."

"ஏன் சாமி?"

"நான் போனா இவருக்கு யார் தண்ணி ஊத்தறது?"

செங்கேணிக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள். "வுடு சாமி. அவரும்தான் பாவம், எங்க போனாரு? எத்தினி காலமா இங்கியே நின்னுகினு கீறாரு. உனக்கு அவரு, அவருக்கு நீ."

"அவருக்குக் கருடன் இருக்கு செங்கேணி" என்றார் சத்யநாராயணன். "நினைச்சா கிளம்பிடுவார். அவருக்கு யாரும் தடை சொல்லப்போறதில்லை. எந்தக் கடல் தாண்டிப் போயிட்டு வந்தாலும் அவரைத் தொடப்படாதுன்னு ஒரு சாஸ்திரமும் கிடையாது."

செங்கேணி சிரித்தாள். சாமி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள். சத்யநாராயணன் திரும்பி, மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார். வேறு யார் ஊற்றுவார்கள் என்ற ஆத்திரத்தோடுதான் ஊற்றினார். இருந்தாலும் பெருமாளுக்குக் குளிருமே என்று வஸ்திரத்தை எடுத்து அவசர அவசரமாகத் துவட்டினார்.