பேசாமல் விட்ட பாதி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவில்லை. என் சிநேகிதி நாளைக் காலை பத்து மணிக்குத் தன் பள்ளிக்கூடக் குழுவின் முன்னால் பேசவேண்டிய பேச்சை நானே எழுதித் தந்துவிடலாம் என்றுதான் இன்று காலையில் உட்கார்ந்தேன். அவள் கேட்டாளா என்றால், இல்லை. கேட்காமல் உதவி செய்வதில் எனக்கு நிகர் நான்தான். அவள் பேசுவதைப் பொறுத்துத்தான் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் பள்ளியில் தொடர்வாளா, பேர் நீக்கி அனுப்பப்படுவாளா என்பது முடிவாகும். இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பார்த்தால், பேச்சுக்கு நடுவே ஆட்கள் நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலி வந்துவிட்டது, டீ வந்துவிட்டது. சரி, கதைதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘அவளைப் போல வாதாடக்கூடிய ஒருத்தியை இந்த உலகம்…’

[அடித்துவிட்டேன். உலகத்தில் எனக்கு எத்தனை பேரைத் தெரியும்?]

இரண்டாம் தொடக்கம்: ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’

[பெய்யவில்லை. மழை இல்லாமல் எனக்கு ஆரம்பிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.]

மூன்றாம் தொடக்கம்: ‘கரண்ட் போய்விட்டது.’

இது இருக்கட்டும். ஆனால் எந்த நேரத்தில் போனது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

2

நாங்கள் மூன்று பேர், ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தி டீச்சர், நாளைக்குப் பேசப்போகிறவள். இன்னொருவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவனைக் ‘கண்ணாடி’ என்போம். என்னைக் ‘கதை’ என்று கூப்பிடுகிறார்கள். நான் எழுதுகிறவள் என்பதற்காக இல்லை, சின்ன வயதிலிருந்தே கதை விடுகிறவள் என்பதற்காக. பத்தொன்பது வருஷமாகச் சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடியின் கடைப் பின்னறையில் கூடுகிறோம். ஒரு ஜன்னல், மூன்று ஸ்டூல், சுவரில் கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்து அட்டை, மேஜை மேல் லென்ஸ் அரைக்கிற மிஷின்.

அந்த மிஷின்தான் எங்கள் நடுவர். விஷயம் இதுதான் என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் சாப்பிடலாமா கூடாதா, டீயில் சர்க்கரை போடுவது குற்றமா, முட்டை சைவமா, மத்தியானத் தூக்கம் உடம்புக்கு நல்லதா, பிள்ளைகள் முடி வளர்க்கலாமா. பூவா தலையா போடுவோம். பூ விழுந்தவருக்கு ஒரு கட்சி, தலை விழுந்தவருக்கு எதிர்க் கட்சி. நிஜமாக என்ன நினைக்கிறாய் என்ற கேள்விக்கே இடமில்லை. கண்ணாடி வலது லென்ஸை மிஷினில் மாட்டுவான். அது ‘கீ’ என்று அரைத்து முடித்து மணி அடிக்கிற வரைக்கும் உன் கட்சியைப் பேசலாம். மணி அடித்ததும் இடது லென்ஸ். இப்போது கட்சி மாறவேண்டும். இதுவரை நீ எதை வெட்டினாயோ அதையே இனி நீ ஒட்டவேண்டும்.*

டீச்சர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சர்க்கரைக்காக வாதாடிய அன்று அவள் பேச்சைக் கேட்டுக் கண்ணாடி எழுந்துபோய்த் தன் டீயில் இன்னும் ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டு வந்தான். மணி அடித்தது. கட்சி மாறினாள். ஐந்தே நிமிஷத்தில் அவன் அந்த டீயை வாஷ்பேசினில் கொட்டினான். எனக்குப் பொறாமையாக இருக்காதா? இருந்தது. ஆனால் பொறாமையைவிடப் பெருமைதான் அதிகம். இவள் என் சிநேகிதி என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லலாம் போலிருக்கும்.

(* பாதியில் கட்சி மாறுவதால் யாரும் தோற்பதில்லை. வீட்டுக்குப் போகும்போது இரண்டு பக்கமும் கையில் இருக்கும். எங்கள் நட்பு இத்தனை வருஷம் தாங்கியதற்கு இதுதான் காரணம் என்பது கண்ணாடியின் கருத்து. சமோசாதான் காரணம் என்று எழுத நினைத்தேன். பொய்யாகிவிடும், நாங்கள் பிஸ்கட்தான் சாப்பிடுவோம்.)

3

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. விஷயம்: பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் ஸ்கர்ட்தான் போடவேண்டுமா, பேன்ட்டும் போடலாமா? பூ விழுந்தது. டீச்சருக்கு ஸ்கர்ட் கட்சி, எனக்குப் பேன்ட்.

“தினமும் காலைல எதைப் போடறதுன்னு ஒரு பிள்ளை முடிவு பண்ணிட்டு நிக்கணுமா?” என்று ஆரம்பித்தாள். “அந்தப் பாரத்தைப் பள்ளிக்கூடம் தூக்கட்டும், பிள்ளை தலையில ஏத்தாதீங்க.”

“வசதின்னு ஒண்ணு இருக்கில்ல?” என்றேன்.

“வசதிதான் முக்கியம்னா எல்லாரும் தூங்கி எழுந்த உடுப்போடயே வந்துடலாமே. ஒருத்திக்கு விலக்கு குடுத்தா மத்தவங்களுக்கு அது அநியாயம். அதனால, இதில் விலக்கு இல்லை!” என்று மேஜையைத் தட்டினாள்.

கண்ணாடி கை தட்டினான். மணி அடிக்க ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது.

கரண்ட் போய்விட்டது.

மிஷின் பாதியில் நின்றது. மணி அடிக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு டீச்சர், “பாக்கியை அடுத்த வாரம் பேசிக்கலாம்” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வேறு விஷயம் வந்துவிட்டது. அந்தப் பாதி பேசப்படவே இல்லை.

இதற்கு நடுவே ஒன்று நடந்தது. அந்தத் திங்கட்கிழமை பள்ளியில் அவளைக் கூப்பிட்டு, உடை விதிகளை எழுதித் தரச் சொன்னார்கள். சனிக்கிழமை பேசியதெல்லாம் நாக்கிலேயே இருந்தது. எழுதித் தந்தாள். ஏழாவது விதி: ‘மாணவியர் ஸ்கர்ட் மட்டுமே அணிய வேண்டும். இதில் விலக்கு இல்லை.’

[இங்கே என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதியாகவேண்டும். மறுபாதி பாக்கியிருப்பது எனக்கு ஞாபகம் இருந்தது. நினைவுபடுத்தவில்லை. அவள் பேசியதற்கு மேல் பேச என்னிடம் சரக்கு இல்லை, மானம் போகாமல் தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன். பேனா என் கையில் இருப்பதால் இதை விட்டுவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன்.]

4

இப்போது அந்தப் பெண். இவள்தான் எனக்கு வசப்படவே இல்லை.

‘கண்ணில் நெருப்போடு பேன்ட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்…’ [வேண்டாம்.]

‘சைக்கிளில் தினமும் எட்டு மைல் மிதித்து வருகிற அவளுக்கு ஸ்கர்ட்…’ [பஸ்ஸில் வருகிறாள்.]

‘முழங்காலில் ஒரு தழும்பு, அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று…’ [இல்லாத தழும்பை ஒரு பிள்ளையின் காலில் போடுவதற்கு எனக்கு யார் உரிமை கொடுத்தது?]

டீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன். அந்தப் பெண் கணக்கில் நாற்பத்தொன்று வாங்குகிறவள். பேனா மூடியைக் கடிக்கிறவள். போன செவ்வாய்க்கிழமை பள்ளி நிறத்திலேயே பேன்ட் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமையும் அதே பேன்ட். மூன்று நாளாக வகுப்புக்குள் விடவில்லை. நூலகத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பேரை நீக்குவதா என்று முடிவு செய்ய மூன்று பேர் குழு. விளையாட்டு ஆசிரியர் நீக்கச் சொல்கிறார். நூலகர் கூடாது என்கிறார். மூன்றாவது ஆள், விதியை எழுதியவள், டீச்சர்.

“ஏன்டா கண்ணு போட்டே?” என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

“பிடிச்சிருக்கு மிஸ்.”

“வேற ஏதாவது காரணம்?”

“இல்ல மிஸ்.”

கேட்டதும் எனக்கு எரிச்சலாக வந்தது. “ஒரு காரணம் சொல்லித் தொலைக்கக்கூடாதா? காலு வலின்னு சொன்னாக்கூட விட்டுடுவாங்களே!” என்றேன்.

“அதான்டி,” என்றாள் டீச்சர். “காரணம் இருக்கறவளுக்கு விலக்கு குடுத்துடலாம். காரணம் இல்லாதவ வந்து நின்னாத்தான் விதி சரியா தப்பான்னே பார்க்கவேண்டியிருக்கு.”

இப்படி ஒரு வாக்கியம் என் வாயில் வருமா? ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.

5

இதெல்லாம் நேற்று, சனிக்கிழமை மத்தியானம், அவள் பின்னறையில் வந்து உட்கார்ந்து சொன்னது. சொல்லிவிட்டு, “பாதியில நின்னது ஒண்ணு பாக்கி இருக்கு. இப்பப் பேசணும்” என்றாள். பூவா தலையா தேவைப்படவில்லை. பேன்ட் கட்சி அவளுக்கு, ஸ்கர்ட் கட்சி எனக்கு. கண்ணாடி யாருடையதோ ஒரு இடது லென்ஸை மிஷினில் மாட்டினான்.

நான் தோற்றுப்போகத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. ஆனால் பழக்கதோஷம்! பத்தொன்பது வருஷமாக எந்தக் கட்சி விழுந்ததோ அதை விட்டுக்கொடுக்காமல் பேசிய வாய்.

“ஸ்கர்ட்ல வசதி இல்ல” என்றாள்.

“வசதிதான் முக்கியம்னா தூங்கி எழுந்த உடுப்போடயே வரலாமே” என்றேன்.

“அவளுக்குப் பிடிச்சதைப் போட்டுக்கட்டும்.”

“தினமும் காலைல பிடிச்சது எதுன்னு முடிவு பண்ணிட்டு நிக்கணுமா? அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில ஏத்தாதீங்க.”

ஒவ்வொன்றும் அவள் வரி. பதினோரு வருஷமாக எனக்கு மனப்பாடம். அவ்வளவு ரசித்திருக்கிறேன். மிஷின் மட்டும் ‘கீ’ என்று கத்திக்கொண்டிருந்தது. மணி அடித்தது.

“என் பேச்சுக்கு என்னாலயே பதில் சொல்ல முடியலடி,” என்றாள். “இவ்வளவு நல்லாவா பேசினேன்?”

என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணாடி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

6

ஆகவே இன்று காலையில் பேச்சு எழுத உட்கார்ந்தேன். முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. டீச்சர் எழுந்து நின்று முழங்குகிறாள். குழு கண்ணீர் விடுகிறது. விளையாட்டு ஆசிரியர் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கிறார். [பிடிப்பார், பிடிப்பார்.]

இரண்டாம் முடிவு. அந்தப் பெண்ணே திங்கட்கிழமை ஸ்கர்ட்டில் வந்துவிடுகிறாள். எல்லாருக்கும் நிம்மதி. [எனக்குப் பயம் வந்தால் இப்படித்தான் எழுதுவேன்.]

மூன்றாம் முடிவுதான் எனக்குப் பிடித்திருந்தது. டீச்சர் விதிப் புத்தகத்தை மேஜை மேல் வைத்து, மெதுவான குரலில், “இந்த விதியில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. மறுபாதி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறது” என்கிறாள். எழுதிவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். மத்தியானம் போன் போட்டு அவளுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன்.

7

குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றாள். “அதான் பயமா இருக்கு.”

“என்னடி பயம்?”

“நாளைக்கு இதை அப்படியே போய்ப் பேசிடுவேன். நல்ல வரி ஒண்ணு கிடைச்சா நான் விடமாட்டேன், உனக்குத் தெரியாதா? பூவா தலையால விழுந்த வரியைக் கொண்டுபோய் விதியா எழுதினேன். இப்ப நீ குடுக்கற வரியைக் கொண்டுபோய் அதை அழிக்கணுமா?”

“நல்ல காரியத்துக்குத்தானே?”

“அன்னைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.”

காலையிலிருந்து அவளுக்கு உபகாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப என்னதான் சொல்லப்போறே?” என்றேன்.

“எழுதிட்டிருக்கேன். நல்லாவே வரல. நாலு வரி எழுதினா மூணு வரி அடிக்கவேண்டியிருக்கு. யாரோ சொன்னது, எப்பவோ சொன்னது, அதெல்லாம் போக எனக்கா என்ன தோணுதுன்னு பார்த்தா, அப்பப்பா, ஒரு வரி தேறவே மத்தியானம் ஆயிடுச்சு. விதியை விளையாட்டாப் பேசி எழுதினேன்னு முதல்ல சொல்லணும். சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அதுக்கப்புறம் திக்கித் திக்கித்தான் வரும்.”

“நான் வரட்டுமா கூட?”

“வேண்டாம். அந்தக் கதையையும் கூட்டம் முடியற வரைக்கும் முடிக்காதே. முடிவுன்னு ஏதாவது எழுதி எனக்கு அனுப்பினே, சிநேகிதின்னுகூடப் பார்க்கமாட்டேன்.”

போனை வைத்துவிட்டாள்.

8

மணி ஐந்தேகால். மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டேன். [மூன்றாவதைக் கிழிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.]

நீங்கள் இதைப் படிக்கும்போது இந்தத் திங்கட்கிழமை எப்போதோ போயிருக்கும். முடிவை உங்கள் கையில் தருகிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள்: அழகாக முடிக்காதீர்கள். அவள் வாயில் நல்ல வசனம் எதையும் வைக்காதீர்கள். திக்குகிற இடத்தில் திக்கட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அவளைச் சுற்றி இத்தனை வருஷமாகக் கை தட்டியவர்கள் நாங்கள். தட்டியது போதும்.

நாளைக்குப் பத்து மணிக்கு நூலகத்தில் அந்தப் பெண் பேன்ட்டோடு உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பாள். குழு அறையில் டீச்சரின் முறை வரும், எழுந்து நிற்பாள். அவள் எந்தக் கட்சி பேசினாலும் அடுத்த வரி என்னவென்று முன்கூட்டியே சொல்கிறவள் நான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது.