மேபலுக்கு ஒரு எலி

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு க்ளெனிஸின் கார் வாசலில் வந்து நின்றபோது, நோலீன் பின்புறக் கொட்டகையில் நான்காவது எலித் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஈரமான மரத்தூளை வழித்து வாளியில் போட்டாள். தாய் எலி மூலையில் பதினொரு குஞ்சுகளை வயிற்றுக்கடியில் ஒதுக்கிக்கொண்டு அவளையே பார்த்தது. குஞ்சுகளுக்கு இன்னும் ரோமம் வரவில்லை. வீட்டுக்குள் ராஸ் டீக்குக் கோப்பைகளை எடுத்து வைக்கும் சத்தம், பிறகு க்ளெனிஸின் சிரிப்பு. கார் கதவு சாத்துவதற்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒன்பது வருடத்தில் நோலீனுக்கு மனப்பாடம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனதில்லை.

க்ளெனிஸ், ராஸின் முதல் மனைவி. அவள் ராஸைப் பார்க்க வருவதில்லை, மேபலைப் பார்க்க வருகிறாள். அப்படித்தான் மூன்று பேரும் சொல்லிக்கொள்வார்கள். மேபல், அவர்கள் இருவரும் கல்யாணமான புதிதில் வாங்கிய மலைப்பாம்பு. வாங்கும்போது பென்சில் கனம்தான். இப்போது இருபத்திரண்டு வயது, இரண்டரை மீட்டர் நீளம். கல்யாணம் முறிந்து க்ளெனிஸ் வாடகைக்குப் போன வீட்டில் பிராணி வளர்க்க அனுமதி இல்லாததால் பாம்பு ராஸிடமே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் வாங்கிய மூன்றும் வெறும் பாம்புகள். இதை மட்டும் ‘எங்க மேபல்’ என்பான். ‘நம்ம மேபல்’ என்று ஒரு நாளும் அவன் வாயில் தவறிக்கூட வந்ததில்லை.

எலி வளர்ப்பு நோலீன் தொடங்கியது. ஜிம்பி ஊர்க் கடையில் உறைய வைத்து விற்கும் எலியை மேபல் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்ட ஒரு கோடையில், ஆண் எலி ஒன்று, பெட்டை நான்கு என்று ஆரம்பித்தாள். தீனி, தண்ணீர், வெயில் நாளில் தொட்டிக்குள் ஐஸ் பாட்டில், எந்தப் பெட்டைக்கு ஓய்வு, எந்தக் குஞ்சு தேறாது, எல்லாம் அவள் பொறுப்பு. பாம்புக்குக் கொடுக்கும் முன் எலியை டப்பாவில் அடைத்து வாயு செலுத்திக் கொல்வதும் அவள்தான். ராஸுக்கு அதற்கு மனசு வராது. இதில் கொடுமை என்னவென்றால், எத்தனை சோப்பு போட்டாலும் அவள் கையில் எலி வாசனை போகாது. மேபலுக்கு அந்தக் கை என்றாலே சாப்பாடு. இரண்டு முறை ஆசையாகத் தூக்கப் போய் இரண்டு முறையும் கடிபட்டாள். க்ளெனிஸோ கிரீம் மணக்கும் கையோடு வந்து உட்காருவாள். மேபல் அவள் தோளில் ஏறி, கழுத்தைச் சுற்றி, தலைமுடிக்குள் முகம் புதைத்துப் படுத்துக்கொள்ளும். ராஸ் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அன்று நோலீன் உள்ளே போனபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டின் கேன் பே என்ற கடலோர ஊரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னாள் க்ளெனிஸ். மேபலைத் தன்னோடு கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கேட்டது ராஸை அல்ல, நோலீனை.

“தாராளமா,” என்றாள் நோலீன். “உங்க பாம்புதானே.”

அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு தோன்றியது. ராஸ் தன் டீயைக் குடிக்காமலே எழுந்துபோய்க் கொட்டினான்.

கூடத்தில் மேபலின் இடம் காலியானது. நோலீன் அங்கே ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டாள். இனி ஞாயிறு தன்னுடையது என்று நினைத்தாள். இரண்டாவது ஞாயிறே ராஸ் சவரம் செய்துகொண்டு கார் சாவியை எடுத்தான். புது இடத்தில் மேபல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மூன்று மணிக்கு வருகிறேன் என்றவன் ஐந்து மணிக்கு வந்தான். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. வீட்டுக்குள் இருக்கும் பாம்பைப் பார்க்கப் போனவனுக்கு மூக்கு ஏன் சிவக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. முன்பாவது க்ளெனிஸ் கண்ணெதிரே இருந்தாள். இப்போது அவள் வீட்டு நாற்காலிகளைக்கூட நோலீன் தானே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் நினைப்பில் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன அந்த நாற்காலிகள்.

அங்கே மேபல் சாப்பிடவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. கடை எலியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாளாம் க்ளெனிஸ். மூன்றாம் மாதம் ராஸ் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

“பெருசா ஒண்ணு இருந்தா குடேன், நோல். உன் எலிதான் அதுக்குப் பழக்கம்.”

“அந்த அளவுல இப்ப எதுவும் இல்ல.”

அவளுக்குப் பின்னால் ஐந்தாவது தொட்டியில் ஆறு கொழுத்த எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. ராஸ் அந்தத் தொட்டியைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுப் போனான். சற்று நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியாக அவன் போனில் பேசுவது கேட்டது.

“அவளுக்கு இஷ்டமில்ல, க்ளென். விட்டுரு. நான் திரும்பக் கேக்க மாட்டேன்.”

சண்டை போட்டிருந்தால்கூட நோலீன் தாங்கிக்கொண்டிருப்பாள். தன் மனசை அவன் இத்தனை சுலபமாகப் படித்து, அதை க்ளெனிஸிடமே கொண்டுபோய்ச் சொன்னதுதான் எரிந்தது. க்ளெனாம்.

வியாழக்கிழமை ராஸ் மரக்கடை வேலைக்குப் போனதும் அவள் ஐந்தாவது தொட்டியைத் திறந்து இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள். வாயுவில் அது அடங்கியதும் துண்டில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு காரை எடுத்தாள். இரக்கம் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் பட்டினி கிடந்த மேபல் தன் எலியை விழுங்குவதை க்ளெனிஸ் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நாற்பது நிமிடமும் ஓட்டினாள்.

க்ளெனிஸ் வெறுங்காலோடு வந்து கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்ததும் தண்ணீர் சுடவைத்தாள். சமையலறையை ஒட்டிய அறையில், கண்ணாடிக் கூண்டுக்குள் மேபல் கிடந்தது. தோல் தளர்ந்து, முதுகெலும்பு ஒரு வரப்புபோல் துருத்திக்கொண்டிருந்தது.  நோலீன் எலியை வெந்நீரில் போட்டுச் சூடேற்றித் துடைத்து, இடுக்கியில் பிடித்தாள். திரும்பிப் பார்த்தால் க்ளெனிஸ் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

“என்னால பாக்க முடியாது,” என்றாள். “அப்பவும் ராஸ்தான் குடுப்பான், நான் வெளிய போயிருவேன். இங்கயும் எலிய வச்சிட்டுக் கதவச் சாத்திருவேன்.” ஒரு கோப்பையை எடுத்துக் கழுவினாள். “நீங்க பக்கத்துலயே நின்னு கடைசிவரைக்கும் பாப்பீங்களாமே. இங்க வந்தா அவன் அதத்தான் சொல்லிட்டு இருப்பான்.”

இந்த வீட்டு நாற்காலிகளுக்கு நடுவே தன் பெயரும் இருந்திருக்கிறது என்பது நோலீனுக்குப் புதுச் செய்தி.  இடுக்கியை நீட்டினாள். மேபல் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. கழுத்து வளைந்தது. அடுத்த நொடி எலி அதன் சுருளுக்குள் இருந்தது.

“எடுத்துருச்சா?”

“எடுத்துருச்சு.”

க்ளெனிஸ் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

“தல உள்ள போயிருச்சு,” என்றாள் நோலீன். “இப்ப முன்னங்காலு.”

“அதெல்லாம் சொல்லாதீங்க. முடிஞ்சா மட்டும் சொல்லுங்க.”

பத்து நிமிடத்தில் வால் நுனியும் மறைந்தது. மேபல் வாயை அகலத் திறந்து, தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துச் சரிசெய்துகொண்டது. கழுத்துக்குக் கீழே ஒரு மேடு மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு அது தலையைத் தூக்கி நோலீனின் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

“முடிஞ்சுதா?” என்றாள் க்ளெனிஸ், சுவரைப் பார்த்தபடி.

“இல்ல,” என்றாள் நோலீன். “இன்னும் வால் இருக்கு.”

ஒரு முக்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு மேபலுக்கு எதிரே உட்கார்ந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.