இரண்டாம் சுற்றில் நான்கு வளையங்கள்

திரையில் முப்பத்துநான்கு என்று வந்தது. அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்போதும் முப்பத்துநான்குதான். எண்ணைத் தவறாக ஏற்றியிருப்போம் என்று தொண்ணூறு அளவுகளையும் தாளோடு வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒப்பிட்டாள். ஒன்றுகூடத் தவறில்லை. மறுபடி எழுந்தாள். அளவு அறையில் மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே ஏழு அடி இடம்தான் உண்டு. அதில் போவதும் திரும்புவதுமாக இருந்தவளை, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தள்ளுவண்டியோடு போன ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

வாடிக்கையாளர் கேட்டிருந்த சோதனை அது. அலுமினிய வளையங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அன்றாட வேலை. இது அதற்கும் முந்தையது: பார்க்கிறவர்கள் சரியாகப் பார்க்கிறார்களா என்று பார்ப்பது. பத்து வளையங்கள், மூன்று பேர், ஆளுக்கு மூன்று சுற்று. ஒரே ஆள் அதே வளையத்தைத் திரும்ப அளந்தால் அதே எண் வருகிறதா என்பது முதல் கேள்வி. ஆள் மாறினால் எண் மாறுகிறதா என்பது இரண்டாவது. இரண்டு தடுமாற்றங்களையும் சேர்த்துக் கடைசியில் ஒரு சதவீதம் வரும். பத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. முப்பது வரை பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால், அந்த அறையிலிருந்து வரும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள். சரக்கும் வாசலைத் தாண்டாது.

திட்டம் அவளுடையது. இருபத்திரண்டு வருடங்களில் இப்படி எத்தனையோ சோதனைகளை அமைத்திருக்கிறாள். வளையத்தின் எண்ணை உட்புறம் எழுதிக் காகிதம் ஒட்டி மறைத்தாள். வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் கலைத்தாள். முந்தைய சுற்றின் தாள் கண்ணில் படாமல் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். மனிதர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. போன தடவை சொன்னதையே இந்தத் தடவையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அதைவிட அதிகமாக இருக்கிறது. அவளுக்கு இது தொழிற்சாலையில் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. "நல்லாதான் இருக்கேன்" என்று அம்மாவிடம் தொலைபேசியில் எத்தனை வருடங்களாக ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

அளந்தவர்களைத் தாளில் ஏ, பி, சி என்றுதான் குறிப்பது வழக்கம். ஏ, தடித்த கண்ணாடி போட்ட மூத்த சோதனையாளர். எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். பி, ஆறு மாதத்துக்கு முன் பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்து தேர்வு எழுதி மேலே வந்த பெண். அவளுடைய தகுதிகாண் காலம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மூன்றாவது சோதனையாளர் கல்யாணத்துக்கு விடுப்பில் போய்விட்டதால், சி என்ற இடத்தில் இவளே உட்கார்ந்தாள். யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. இரண்டு பேருக்குள் அளவு ஒத்துப்போகாவிட்டால் "ஐஸ்கிட்ட குடு" என்பதுதான் அந்தத் தளத்தின் பேச்சு. அவளுடைய கை எப்போதும் சில்லென்று இருக்கும் என்பதால் வந்த பெயர். ஐஸ் சொன்னால் சொன்னதுதான்.

வரைபடத்தில் ஏ அமைதியாக இருந்தது. பியும் அப்படியே. சியில் நான்கு புள்ளிகள் எல்லைக்கோட்டுக்கு மேலே எகிறி நின்றன.

மேலாளர் உள்ளே வந்தபோது அவள் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர். குனிந்து திரையைப் பார்த்தார்.

"முப்பத்துநாலா? நாளைக்கு மத்தியானம் அனுப்பணுமே, மேடம்." விரல் சியின் மேல் நின்றது. "இது யாரு, அந்தப் புதுப்பொண்ணா?"

ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். அதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. அதைக் காதில் வைத்தபடியே, "நான் அப்பவே நெனச்சேன். பொட்டலம் கட்டுனவளக் கொண்டாந்து மைக்ரான் பாக்கச் சொன்னா... வெள்ளிக்கிழமை திருப்பிக் கீழயே அனுப்பிரலாம். நீங்க வேற ஆள வெச்சு ஒரு தடவ ஓட்டிருங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள், தொலைபேசி குறுக்கே வந்துவிட்டது என்று பிறகு பேருந்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சொன்னபோது அதே வாசகம் கொஞ்சம் மாறி வந்தது. மூன்றாவது தடவை இன்னும் மாறியது.

வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றாள். பிடரியில் தொடங்கிக் காதுமடல் வழியாக அது ஏறியது. முகம், கழுத்து, உள்ளங்கை எல்லாம் அடுப்புக்குள் வைத்ததுபோல ஆகி, சட்டை முதுகோடு ஒட்டியது. நான்கைந்து மாதமாக இப்படித்தான். சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும்.

"ஏன்மா இப்படிக் காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டே இருக்க?" என்றாள் மகள்.

கணவர் வந்து நெற்றியில் கை வைத்தார். "சூடா இருக்கே. காய்ச்சலா?"

மகளும் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா. ஜில்லுனுதான் இருக்கு. உங்க கைதான் சரியில்ல."

"என் கைக்கு என்னடி? உன் கை பாத்திரம் கழுவுன கை."

ஒரே நெற்றி, ஒரே நிமிடம், இரண்டு அளவு. இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். தாள்களை எடுத்தாள். வளைய எண்ணின் வரிசைப்படி பார்த்தால் சியின் நான்கு தவறுகளும் இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது என்று சிதறிக்கிடந்தன. கருவியின் குற்றம்போலத் தெரிந்தன. அவள் அளந்த நேரத்தின் வரிசையில் திருப்பி எழுதினாள். ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு. இரண்டாம் சுற்றில், அடுத்தடுத்து, பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று இருபதுக்குள். நான்கும் ஐந்தாறு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு, பெரியவை. அதற்கு முன்னால் ஒரு பிசிறு இல்லை, பின்னாலும் இல்லை.

அவள் அளந்தபோது பக்கத்தில் இருந்து எழுதியவர் சோடாபுட்டி. எதையும் விடாமல் குறிப்பில் எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். தாளின் ஓரத்தில் அவருடைய உருண்டைக் கையெழுத்து: "11.06, மேடம் கையைத் துடைத்தார். 11.10, மறுபடியும் துடைத்தார். 11.13, தண்ணீர் கேட்டார். 11.17, துடைத்தார்."

அலுமினியத்துக்கு ரோஷம் அதிகம். கொஞ்சம் சூடு பட்டாலும் பருத்துவிடும். மற்ற இருவரும் பருத்தித் துணிக் கையுறை போட்டுத்தான் அளப்பார்கள். அவள் மட்டும் போடுவதில்லை. வெறும் விரலில்தான் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று தெரியும் என்பாள். ஞாபகத்தை மறைத்தாள், வரிசையைக் கலைத்தாள், தாளைக் கவிழ்த்தாள். தன் கை குளிர்ந்திருக்கும் என்பதை மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த உடம்பு இப்போது இல்லை. அதை யாரும் அவளுக்கு அறிவிக்கவில்லை.

சோடாபுட்டி வந்து பையை மாட்டினார். அவள் தாளை நீட்டினாள்.

"அண்ணே, உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு வருஷம் இருந்துச்சு, மேடம். குளிர்நாள்ல விசிறி கேப்பா. தெரியும். ஆனா உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் எழுதி வெச்சேன்."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் நேத்து சொல்லியிருக்கலாம்" என்றார் அவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டே. "அந்தப் பொண்ணு கீழ போய் அழுதுட்டு வந்துச்சு. மேலாளர் ஆபீஸ்ல யாரோ அதுகிட்டச் சொல்லிட்டாங்க."

புதியவள் ஒன்பது மணிக்கு வந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. வழக்கம்போலக் கையுறையைப் போட்டு, அளவுக் கருவியின் மேடையைத் துடைத்து, மாதிரி வளையத்தை வைத்து, ஊசியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். முடிந்த பிறகும் ஒரு தடவை எடுத்து வைத்துச் சரிபார்த்தாள். அந்த இரண்டாவது தடவையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"சி நீ இல்ல. நான்" என்றாள் இவள்.

புதியவள் நிமிர்ந்தாள். "தெரியும்க்கா. என் தாள்ல 'பி'ன்னுதான போட்டிருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "நீங்க சொல்லுவீங்கன்னு நேத்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்" என்றாள்.

இவள் போய் மேலாளரைக் கூட்டி வந்தாள்.

"சார், சி நான்தான். நேத்தே சொல்லியிருக்கணும்."

மேலாளர் சிரித்தார். "மேடம், உங்க மனசு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணக் காப்பாத்தணும்னு பாக்குறீங்க. ஐஸுக்கு ஆறு மைக்ரான் தப்புமா? யாராவது நம்புவாங்களா?"

இருபத்திரண்டு வருடத்து நம்பிக்கை இப்படிக் குறுக்கே வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. சோடாபுட்டியின் குறிப்பை நீட்டினாள். அவர் படித்தார். "கையத் துடைச்சா என்ன? எல்லாரும்தான் துடைப்பாங்க."

"எனக்கு நாப்பத்தொம்பது வயசு சார். திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது. கையும் கொதிக்குது. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான்."

மேலாளரின் பார்வை மேசைக்கு இறங்கி, அங்கிருந்த பென்சிலில் நின்றது. காது சிவந்துவிட்டது. "சரி மேடம்... அதெல்லாம்... அறிக்கைல எப்படிங்க போட முடியும்?"

"போட வேண்டாம். பாருங்க, போதும்."

ஏழாம் எண் வளையத்தை எடுத்தாள். வெறும் கையில் அரை நிமிடம் பிடித்திருந்து கருவியில் வைத்தாள். ஊசி மூன்று மைக்ரானில் நின்றது. முதல் சுற்றில் வந்த அதே மூன்று. மறுபடி பிடித்தாள், மறுபடி வைத்தாள். மூன்று. அவளுடைய கை பழையபடி சில்லென்று இருந்தது. வேண்டாத நேரமெல்லாம், பேருந்தில், கூட்டத்தில், படுக்கையில், கூப்பிடாமலேயே வந்து நிற்கும் அது, இப்போது எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் மேலாளர், கிட்டத்தட்ட நிம்மதியாக. "அணு அசையல. ஐஸ் ஐஸ்தான்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அறிக்கைய முடிக்கணும்."

"இருங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வளையம் உள்ளங்கையில் இருந்தது. நேற்றிலிருந்து ஓரிடத்தில் நிற்க முடியாமல் இருந்த கால்கள் மேசைக்கடியில் அடங்கின. சோடாபுட்டி கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டார். போகிற மாதிரியே நின்ற மேலாளர் கடைசியில் போகவில்லை. சுவரில் இருந்த வெப்பமானி இருபது காட்டியது. புதியவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அளந்தவர் என்ற இடத்தில் சி என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, அதை அடித்துவிட்டு, "அக்கா" என்று எழுதினாள். பக்கத்தில் நேரத்தைக் குறித்தாள். ஒன்பது நாற்பத்திரண்டு.

வெளியே ஏதோ இயந்திரம் நின்று மறுபடி ஓடியது. ஒன்பது நாற்பத்தேழு. புதியவள் கேட்காமலேயே இன்னொரு வரி எழுதினாள்.

வா, என்று அவள் உள்ளுக்குள் கூப்பிட்டாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அதைக் கூப்பிட்டாள். பிடரியில், முடி தொடங்கும் இடத்தில், தீக்குச்சி உரசியதுபோல ஒரு சிறு இடம் மெல்லச் சூடானது. அதுதானா, இல்லை அவளுடைய ஆசையா என்று தெரியவில்லை. அவள் விரல்களை வளையத்தைச் சுற்றி மூடிக்கொண்டாள். புதியவளின் பென்சில் தாளுக்கு ஒரு நூல் மேலே காத்திருந்தது.